ஆயா பார்த்த சிலோன்

சிலோன் என்று சொன்னால் எழுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு குரல்தான். படம் இல்லை. பழையசீவரத்து ஆயாவுக்கும் அப்படித்தான்.

பழையசீவரம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் ரயிலில் ஏறினால் பாலூர் தாண்டி, வாலாஜாபாத்துக்கு முன்னால் வரும் சின்ன ஸ்டேஷன். மலை மேல் லட்சுமி நரசிம்மர் கோயில், கீழே பாலாறு, அக்கரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். கூடுவதற்குத் தண்ணீர் வேண்டுமே என்று கேட்கக் கூடாது! பல வருஷம் அங்கே மணல்தான் மணலோடு கூடிக் கிடந்தது. சமீப வருஷங்களில் தடுப்பணை கட்டிய பிறகு கொஞ்சம் தேவலை.

ஆயா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் தெருவுக்கே ஒரு ரேடியோதான். அதில் சாயந்திரம் ஆனால் இலங்கை வானொலி. இந்தியாவில் 1952-இல் அரசு வானொலி சினிமாப் பாட்டை ஓரங்கட்டியது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது சிலோன். பிறகு விவித் பாரதி வந்தும்கூடத் தமிழ்நாட்டுக்காரர்கள் சிலோனை விடவில்லை. மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது... இவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் தெரியாது, ஆனால் குரலை வைத்து ஆளைச் சொல்லிவிடுவார்கள். நாற்று நட்டுவிட்டு இடுப்பு வலியோடு வந்து திண்ணையில் சாய்ந்தால் அந்தக் குரல் கேட்கும். "அவ்ளோ சுத்தமா பேசுவான். அந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்கன்னு நெனைச்சேன்" என்பார் ஆயா.

படங்கள் பிறகுதான் வந்தன. 1983-க்குப் பிறகு பத்திரிகையிலும் சுவரொட்டியிலும் வந்த படங்கள். எரிந்த கடை, அழுகிற தாய், மூட்டையோடு படகில் வந்து இறங்குபவர்கள். 2009-இல் வந்த படங்களை இங்கே சொல்ல வேண்டியதில்லை, பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2022-இல் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் மைல் கணக்கில் வரிசை. அந்த மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து அரிசியும் பால் பவுடரும் கப்பலில் போனதை டிவியில் ஆயாவும் பார்த்தார்.

இதற்கு நேர் எதிரில் இன்னொரு கட்டுப் படங்கள். நீலக் கடல், பச்சை மலை, யானை, சிரிக்கிற பெண். சுற்றுலா விளம்பரம்.

ஆக, பக்கத்து நாடு ஒன்று எரிகிறது, அல்லது சிரிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாதாரண நாள் இருக்குமே? காலையில் எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, பிள்ளைக்குச் சட்டை தேடி, பஸ்ஸை விட்டுவிட்டு, கடன்காரனைப் பார்த்து வேறு தெருவில் திரும்பி... அந்த நாளின் படம் ஏன் இந்தக் கரைக்கு வருவதே இல்லை? தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் சொச்சம். பழையசீவரத்திலிருந்து உத்திரமேரூர் போய் வருகிற தூரத்தைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம்.

இந்தக் கேள்வி பேரனுக்கு வந்தது தற்செயலாகத்தான். கல்லூரியில் கூடப் படிக்கும் ஒருவன் குடும்பத்தோடு ஒரு வாரம் இலங்கை போய்விட்டு வந்தான். கொழும்பு, கண்டி, நுவரெலியா, எல்ல, காலி. திரும்பி வந்து நானூறு சொச்சம் படங்களை ஒரே பெட்டியாக அனுப்பி, "நல்லதா ஒரு இருபது செலக்ட் பண்ணிக் குடுடா" என்றான். பேரனுக்குப் படம் எடுக்கத் தெரியும் என்று வகுப்பில் ஒரு பெயர். (மொபைலில் ஓரத்தை வெட்டி, கலரைக் கூட்டத் தெரியும். அவ்வளவுதான்.) ராத்திரி சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தபோது ஆயா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சிலோனா?"

"ஆமா ஆயா."

"காட்டு."

முதலில் பேரன் பெருமையோடு காட்டியது கம்பு மேல் உட்கார்ந்து மீன் பிடிப்பவர்கள் படம். கொக்கல என்ற ஊர்ப் பக்கம், காலியிலிருந்து மாத்தறை போகும் கடற்கரை ரோட்டில் எடுத்தது. கடலுக்குள் நட்ட ஒற்றைக் கம்பு, அதன் மேல் ஒரு குறுக்குக் கட்டை, அதில் ஒரு ஆள், கையில் தூண்டில். பின்னால் செக்கச் சிவந்த வானம். இருபதில் முதல் படம் இதுதான் என்று அவன் முடிவே செய்துவிட்டான்.

ஆயா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "மீனு எங்கடா?"

"மீனு கடல்ல இருக்கும் ஆயா."

"அது தெரியும். புடிச்ச மீனு எங்க? அவன்கிட்ட பையும் இல்ல, கூடையும் இல்ல. புடிச்சா எதுல போடுவான், வாயிலயா?"

பேரன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். பை இல்லை. மூன்று பேரிடமும் இல்லை. நண்பனிடம் கேட்டபோது அவன் சாதாரணமாகச் சொன்னான்: "அங்க காசு குடுத்தா ஏறி உக்காருவாங்கடா. நம்மளையும் ஏறச் சொல்லிப் படம் எடுத்துக்கலாம்."

இந்தக் கம்பு மீன்பிடிப்புக்குச் சிங்களத்தில் ரிட்டி பன்ன என்று பெயர். பார்த்தால் ஆயிரம் வருஷப் பழக்கம் மாதிரி தெரியும். ஆனால் இரண்டாம் உலகப்போர் காலத்தை ஒட்டித்தான் இது தொடங்கியது என்கிறார்கள். கரையில் மீன் பிடிக்க இடம் போதவில்லை. மூழ்கிய கப்பல், விழுந்த விமானத்தின் மிச்சங்கள் மேல் ஏறி உட்கார்ந்து தூண்டில் போட்டார்கள். அதுவும் போதாமல் போக, பவளப்பாறையில் கம்பை நட்டார்கள். பசிக்கு வந்த யோசனை அது. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி 1995-இல் வெலிகமவில் எடுத்த படம் உலகம் முழுக்கப் போனது. இன்று இலங்கை என்று தேடினால் முதல் வரிசையில் அந்த மாதிரிப் படம் ஒன்று வராமல் இருக்காது. 2004 சுனாமி அந்தக் கரையைப் புரட்டிப் போட்டது. பிறகு மீனைவிடக் கேமராவில் வருமானம் அதிகம் என்று ஆனது. இன்று அங்கே கம்பில் உட்காருபவர்களில் பெரும்பாலோர் படத்துக்காகத்தான் உட்காருகிறார்கள்.

ஏமாற்று என்று இதைச் சொல்லிவிடலாமா? சுலபமாகச் சொல்லலாம். ஆனால் வெயிலில் ஒற்றைக் கட்டையில் உட்கார்ந்திருப்பதும் வேலைதான். மீன் பிடித்தால் மீன்காரன், சும்மா உட்கார்ந்தால் நடிகன். கூலி இரண்டுக்கும் உண்டு. வித்தியாசம் ஒன்றுதான்: படத்தைப் பார்க்கிறவன் அவனுடைய நாளைப் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறான்.

ஆயாவுக்கு இது எப்படி ஒரு பார்வையில் தெரிந்தது? அதற்கு ஒரு கதை இருக்கிறது. பேரனுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

மாட்டுப் பொங்கல் அன்று பழையசீவரத்தில் பார்வேட்டை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் அவ்வளவு தூரம் கிளம்பி வந்து மலை ஏறுவார். பிறகு இங்கிருக்கும் நரசிம்மரும் அவரும் ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் போவார்கள். காவாந்தண்டலம், சாலவாக்கம் பெருமாள்களும் அங்கே வந்து சேர, திருமுக்கூடல் பெருமாளோடு ஐந்து பேரும் ஒன்றாகத் தரிசனம் கொடுப்பார்கள். ஊரே ஆற்றில் இறங்கிவிடும். வருஷத்தில் பழையசீவரத்துக்குக் கேமராக்காரர்கள் வருகிற நாள் அது ஒன்றுதான்.

சில வருஷங்களுக்கு முன்னால் அந்த நாளில் ஆயா மாட்டுக்குப் புல்லறுத்துக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு கரையோரம் வந்திருக்கிறார். பெரிய கேமராவோடு நாலைந்து பிள்ளைகள் எதிரில். "பாட்டி, ரொம்ப நல்லா இருக்கு. அங்கேர்ந்து இன்னொரு தடவ நடந்து வாங்க." நடந்தார். "கேமராவப் பாக்காதீங்க பாட்டி, உங்க வேலையப் பாருங்க." மறுபடி நடந்தார். "செருப்பக் கழட்டிருங்க பாட்டி, ரப்பர் செருப்பு நல்லா இல்ல." கழற்றினார். கையிலிருந்த நைலான் பையையும் வாங்கித் தள்ளி வைத்துவிட்டார்கள். அதில்தான் சோறு இருந்தது.

"தை மாசம், மணலு சுடல. போவுதுன்னு நடந்தேன்" என்றார் ஆயா.

எடுத்ததைத் திரையில் காட்டினார்களாம். வெறுங்காலோடு, பின்னால் கோயில் தெரிய, ஒரு கிழவி புல்லுக்கட்டோடு போகிறாள். "அந்தக் காலத்து ஆளு மாதிரி இருந்துச்சு. எங்க அம்மா போற மாதிரி இருந்துச்சு." படத்தின் பிரதி கிடைக்கவில்லை. பெயரும் கேட்கவில்லை. "எங்கயாச்சும் பெருசாப் போட்டு மாட்டியிருப்பானுங்க" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு அடுத்த படத்தைக் காட்டப் பேரனுக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. ஏனென்றால் அடுத்தது நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டம். பச்சைச் சரிவு, நடுவில் ஒரு பெண், சிவப்புப் புடவை, முதுகில் பிரம்புக் கூடை, கூடையின் கயிறு நெற்றிக்கு மேலே தலையைச் சுற்றி. சிரிக்கிறார். அழகான படம், சந்தேகமே இல்லை.

ஆயா காலைப் பார்த்தார். செருப்பு இல்லை. கூடையைப் பார்த்தார். "புதுக்கூடை. ஒரு எலகூட ஒட்டல." புடவையைப் பார்த்தார். "மடிப்புக் கலையல." கடைசியாகத் தலையைப் பார்த்துவிட்டு, "கயிறு தலையில இருக்குதே, கூடை ரொம்பினா கழுத்து நோவாதா?" என்றார்.

நானூறு படத்தையும் எடுத்த நண்பனுக்கும், அவற்றைத் தேர்வு செய்ய உட்கார்ந்த பேரனுக்கும் இந்தக் கேள்வி வரவில்லை. புல்லுக்கட்டு சுமந்த தலைக்குத்தான் வந்தது.

தோட்டத்து வேலை பற்றி அங்கே உள்ளவர்கள் எழுதியதைப் படித்தால் அந்த நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிகிறது. காலையில் பிரட்டுக்களத்தில் கூட வேண்டும், அங்கேதான் யாருக்கு எந்த மலை என்று பிரிப்பார்கள். இடுப்பில் படங்கு கட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தேயிலைச் செடியின் மிலாறு கிழித்துவிடும், பனி ஈரம் ஏறும். பறிப்பது கொழுந்து. ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் என்று சொல்கிறார்கள். தோட்டம் கேட்கிற கிலோ கணக்கு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், பல இடங்களில் 18 கிலோ அளவில். அது வரவில்லை என்றால் அரைப்பேர். அதாவது முழு நாள் மலையில் நின்றாலும் பாதிச் சம்பளம். பிரம்புக் கூடை இப்போது பல தோட்டங்களில் கிடையாது, பிளாஸ்டிக் சாக்குத்தான். கூடையைப் பார்க்க வேண்டுமென்றால் கார் நிறுத்துகிற வளைவுக்குப் போக வேண்டும்.

2021-இல் நாள் சம்பளத்தை ஆயிரம் ரூபாய் ஆக்குவதற்கே பல வருஷப் போராட்டம் தேவைப்பட்டது. 2024-இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று ஆனது. இலங்கை ரூபாய்! அந்த நேரத்து இந்தியக் கணக்கில் 400 ரூபாய்க்கும் கீழே. இதைக் கேட்டதும் ஆயா உடனே நூறு நாள் வேலைக் கூலியோடு ஒத்துப் பார்த்தார். தமிழ்நாட்டில் 2024-25-க்கு அறிவித்தது 319 ரூபாய். "நம்மளவிடக் கொஞ்சம் ஒசத்திதான்" என்றார். பிறகு, "அரிசி என்ன வெல?" என்று கேட்டார். ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அதற்குப் பதில் சொல்வது பேரனுக்குக் கஷ்டமாகப் போனது.

அந்தப் பெண் யார்? முகத்தைப் பார்த்தால் நம்ம ஊர் முகம்தான். வெள்ளைக்காரன் காப்பித் தோட்டம் போட்ட 19-ஆம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, ஆற்காடு பக்கமிருந்தெல்லாம் ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடை. வழியில் செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. 1869-இல் காப்பிச் செடிக்கு நோய் வந்து எல்லாம் கருக ஆரம்பித்தது. காப்பி போய்த் தேயிலை வந்தது. ஆட்கள் மட்டும் அதே ஆட்கள். 1948-இல் சுதந்திரம் வந்த கையோடு வந்த குடியுரிமைச் சட்டம் இவர்களில் சுமார் 7 லட்சம் பேரை எந்த நாட்டுக்காரரும் இல்லை என்று ஆக்கியது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000. அப்படிப் பிரிக்கப்பட்டவர்கள் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, மண்டபம் முகாம் வழியாக, தாங்கள் பார்த்தே இராத 'தாயகத்துக்கு'த் திரும்பினார்கள். பல குடும்பங்களுக்கு நீலகிரியில் மறுபடியும் தேயிலைதான் கிடைத்தது. அரசு அதற்கென்றே தோட்டம் போட்டது. அங்கேயே இருந்தவர்களில் மிச்சம் இருந்தவர்களுக்கும் முழுசாகக் குடியுரிமை தருவதற்கான சட்டம் வர 2003 ஆனது. இருநூறு வருஷம் ஆனதை நினைத்து 2023-இல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் நடந்தார்கள்.

இதெல்லாம் அந்தப் படத்தில் இருக்கிறதா? இல்லை. ஒரு படத்தில் இவ்வளவும் இருக்க முடியாது. அது படத்தின் குற்றமும் இல்லை. ஆனால் பெயர் இருந்திருக்கலாம்.

"அந்தப் பொண்ணு பேரு இன்னா?" என்று ஆயாதான் கேட்டார். பேரன் நண்பனுக்குச் செய்தி அனுப்பினான். "கேக்கலையேடா" என்று பதில் வந்தது. தமிழில் பேசும் பெண், தமிழில் பேசும் பையன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

இந்த வழக்கம் நேற்று வந்தது இல்லை. ஜூலியா மார்கரெட் கேமரூன் என்று ஒரு அம்மையார். கல்கத்தாவில் பிறந்தவர், இங்கிலாந்தில் பெரிய புகைப்படக்காரர். டார்வினையும் டென்னிசனையும் எடுத்தவர். 1875-இல் கணவரோடு இலங்கைக்குக் குடியேறினார், அங்கே அவர்களுக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879-இல் அங்கேயே இறந்தார். அந்த நாலு வருஷத்தில் எடுத்ததில் முப்பது படம்கூட மிஞ்சவில்லை. மிஞ்சிய படங்களில் வேலைக்காரத் தமிழர்களும் உண்டு. டார்வின் படத்துக்குக் கீழே டார்வின் என்று இருக்கிறது. இவர்கள் படங்களுக்குக் கீழே பெரும்பாலும் பெயர் இல்லை. அவரைப் பார்க்கப் போன மரியான் நார்த் என்ற ஓவியர் ஒரு வேடிக்கையை எழுதி வைத்திருக்கிறார். ஒரு ஆளுடைய முதுகு மிக அழகாக இருக்கிறது என்பதற்காகவே அவரைத் தோட்டக்காரராக வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னாராம் கேமரூன். வீட்டில் தோட்டமே கிடையாது!

"முதுகுக்கு ஒரு சம்பளமா!" என்று ஆயா வாயில் கை வைத்துக்கொண்டார்.

பிறகு கொழும்பு ஸ்டுடியோக்கள் போஸ்ட் கார்டு போட ஆரம்பித்தன. பிளாட்டே கம்பெனி 1890-இல் தொடங்கியது, கப்பலில் வந்து இறங்குகிற வெள்ளைக்காரர்களுக்கு அட்டை அட்டையாக விற்றது. கீழே தமிழ்ப் பெண், தமிழ்க் கூலி என்று போட்டால் முடிந்தது. அதிலிருந்து பார்த்தால், கார் நிறுத்துகிற வளைவில் நிற்கும் சிவப்புப் புடவை அந்தப் போஸ்ட் கார்டின் பேத்தி.

ரயில் படங்களுக்கு வந்ததும் ஆயாவுக்கு உற்சாகம். கண்டி ஸ்டேஷன் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்தார். ஐந்தாவது வரை படித்தவர். "பு...கை...யி...ரத நிலையம்." படித்துவிட்டு, "புகை எங்கடா வருது?" என்றார். பழையசீவரத்தில் கரன்ட் ரயில்தான், இருந்தாலும் பேரன் விட்டுக்கொடுக்காமல், "அங்க டீசல் ஆயா, புகை வரும்" என்று சமாளித்தான். அதன் பிறகு இருவரும் படங்களை விட்டுவிட்டுப் போர்டுகளைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். வெதுப்பகம் என்றால் பேக்கரி. பஸ் நிற்கும் இடம் பஸ் தரிப்பிடம். ஆஸ்பத்திரிக்கு வைத்தியசாலை. இது ஆயாவுக்குப் பிடித்திருந்தது. அக்கரைத் திருமுக்கூடல் கோயில் கல்வெட்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில் பதினைந்து படுக்கையோடு நடந்த ஆதுலர் சாலை இருக்கிறது என்று ஊரில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். இங்கே கல்லில் நின்றுபோன சாலை, அங்கே தகர போர்டில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. (அந்தச் சோழன் இலங்கைக்குப் படையும் அனுப்பியவன். அந்தப் பெருமையை மட்டும் இங்கே யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.)

ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நண்பனின் அக்கா சிரிக்கிற படம் இருந்தது. எல்லோரும் அங்கே அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள், விழுந்தவர்களும் உண்டு. ஆயா அக்காவைப் பார்க்கவில்லை. அடுத்த ஜன்னலில் ஒரு பொம்பளை, மடியில் பை, பையின் மேல் கை, தலை ஒரு பக்கம் சாய்ந்து தூக்கம். "இவதான் ஊருக்குப் போறவ" என்றார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக ரோட்டைக் கடக்கிற படத்தில் எல்லோரும் வெள்ளை. தலை முதல் கால் வரை வெள்ளை. அழகு என்று பேரன் அதையும் இருபதில் சேர்த்து வைத்திருந்தான். "அத்தன வெள்ளைய தெனம் யாருடா தொவைக்கறது?" என்று ஆயா கேட்டதும் அந்தப் படம் வேறு படமாகிவிட்டது. சீருடைத் துணியை அங்கே அரசாங்கமே கொடுக்கிறது. துவைத்துக் கொடுக்க எந்த அரசாங்கமும் இல்லை.

இலங்கைக்காரர் ஒருவரே இப்படி ஓரங்களைப் பார்த்து எடுத்திருக்கிறார், லயனல் வென்ட். 1900-இல் பிறந்தவர், பியானோ வாசிப்பவர், வக்கீலுக்குப் படித்தவர். 1930-களில் தன் நாட்டு மீனவர்களையும் வயல்காரர்களையும் தெருவையும் எடுத்துக் குவித்தார். 1944-இல் இறந்தார், நெகட்டிவ்களை அழித்துவிட்டார்கள். மிஞ்சிய பிரதிகளை வைத்து 1950-இல் ஒரு புத்தகம் வந்தது. பேரன் அதில் சில படங்களைத் தேடிக் காட்டினான். ஆயாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "எல்லாரும் சாமி மாதிரி இருக்கறாங்க" என்றார். வென்ட் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாரா தெரியாது, ஆனால் சரியான விமரிசனம்.

மணி பத்தைத் தாண்டிவிட்டது. கடைசியில் ஒரு கொத்துப் படங்கள் இருந்தன. பஸ் ஜன்னலிலிருந்து ஓடுகிற ஓட்டத்தில் எடுத்தவை. எல்லாம் கலங்கல். பேரன் அவற்றை அழிப்பதற்காகத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தான். ஒன்றில் ஜன்னல் கம்பி பாதியை மறைத்திருந்தது. மீதிப் பாதியில் மலை ரோட்டின் ஓரம் பெண்கள் ஒரே வரிசையில் போகிறார்கள். தலையிலிருந்து தொங்குகிற வெள்ளைச் சாக்கு, இடுப்பில் படங்கு, காலில் ரப்பர் செருப்பு. முகம் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் நீளமாகத் தகரக் கூரை லயம், அதன் முன்னால் கொடியில் துணி. ஒரு வெள்ளைச் சட்டையும் அதில் தொங்கியது.

"நில்லு நில்லு. பெருசு பண்ணு."

பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. ஆயா விடவில்லை. விரலை வைத்து எண்ணினார். பதினொன்று.

"பகலுக்கு எடை போடப் போறாங்க. சாக்கு ரொம்பிருக்குது பாரு, முன்னாடி குனிஞ்சு நடக்கறாங்க." பிறகு, "இத அழிக்காத" என்றார்.

பேரன் நண்பனைக் கூப்பிட்டுச் சொன்னான். போனில் இடம் இல்லையென்று அவன் அந்தக் கலங்கல் படங்களை எல்லாம் ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தான். இப்போது இருப்பது இந்த லேப்டாப்பில் உள்ள ஒன்றுதான்.

நண்பன் கேட்ட இருபது படங்களில் இதையும் வைத்து அனுப்பினான் பேரன். பத்தொன்பதை அவன் போட்டுக்கொண்டான். இது ஏன் வந்தது என்று கேட்டு ஒரு கேள்விக்குறி அனுப்பியிருந்தான். பதில் எழுத உட்கார்ந்தபோது வெளியே கடைசி ரயில் போகிற சத்தம். ஆயா கொடியில் காய்ந்த துணியை எடுக்க எழுந்து போயிருந்தார். அங்கிருந்தே குரல் வந்தது.

"பன்னெண்டுடா. கடைசில ஒருத்தி கொழந்தையத் தூக்கினு வர்றா. நல்லாப் பாரு."